டாலரன்ஸ் கணக்கு: இன்வெர்ட்டர் பேட்டரி மீட்டரை வைத்து ஒரு வழிகாட்டி

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) கேட்டால், கடைக்காரர் முதலில் "கால் வாட்டா, அரை வாட்டா?" என்பார், அடுத்து "ஒன் பர்சென்ட்டா, ஃபைவ் பர்சென்ட்டா?" என்பார். முதல் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த மாணவர்களில் பலர் இரண்டாவது கேள்வியில் தடுமாறி, விலையைக் கேட்டுவிட்டு ஏதோ ஒன்றைச் சொல்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பதில் சொல்லும் முறையை, ஒரே ஒரு சுற்றை எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் கடைசி வரை இங்கே விளக்குகிறேன்.

டாலரன்ஸ் என்பது, ஒரு பாகத்தின் மேல் எழுதியிருக்கும் மதிப்பிலிருந்து அதன் உண்மை மதிப்பு எவ்வளவு விலகலாம் என்று தயாரிப்பாளர் தரும் வரம்பு. மின்தடையின் கடைசிப் பட்டை தங்க நிறமாக இருந்தால் ±5 சதவீதம், வெள்ளி நிறமாக இருந்தால் ±10 சதவீதம், பழுப்பாக இருந்தால் ±1 சதவீதம். ஆகவே தங்கப் பட்டை போட்ட 10 கிலோ ஓம் மின்தடை 9.5 முதல் 10.5 கிலோ ஓம் வரை எங்கு இருந்தாலும் அது நல்ல பாகமே. குறை சொல்ல முடியாது.

எடுத்துக்காட்டுக்கு, வீட்டு இன்வெர்ட்டரின் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியை அளந்து காட்டும் மீட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு மின்தடைகள் பேட்டரி மின்னழுத்தத்தைப் பகுத்து இறக்கும். அர்டுவினோ ஊனோ என்ற சிறு நிரல் பலகையில் உள்ள ஏடிமெகா328பி சில்லின் 10 பிட் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) அதை அளக்கும். ஏடிசி அளவுகோலாக வைத்து ஒப்பிடும் 2.5 வோல்ட் ஒப்பு மின்னழுத்தத்தை டிஎல்431 என்ற சிறிய சில்லு தரும்.

முதல் படி: எவ்வளவு பிழையைப் பொறுக்கலாம்?

பெரும்பாலானவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராகப் பாகங்களுக்குப் போய்விடுகிறார்கள். பொறுக்கத்தக்க பிழையை முதலில் எழுதி வைக்காவிட்டால், பின்னால் போடும் எந்தக் கணக்கும் போதுமா போதாதா என்று தீர்மானிக்க வழியே இருக்காது.

லெட் ஆசிட் பேட்டரி முழுச் சார்ஜில், சும்மா இருக்கும்போது ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டும். தீர்ந்த நிலையில் 12 வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே வந்துவிடும். அதாவது நிறைந்ததற்கும் காலியானதற்கும் இடையில் இருப்பதே முக்கால் வோல்ட்தான். நம் மீட்டர் அரை வோல்ட் தவறாகக் காட்டினால், பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கும் பேட்டரியைக் காலி என்று சொல்லிவிடும். இதை வைத்துப் பார்க்கையில், 12 வோல்ட்டில் ±0.1 வோல்ட் என்ற இலக்கு நியாயமானது. அது சதவீதத்தில் 0.83.

இரண்டாம் படி: சமன்பாட்டை எழுதுவது

15 வோல்ட் வரை அளக்க வேண்டும், ஏடிசி 2.5 வோல்ட்டுக்கு மேல் அளக்காது. மேல் மின்தடை 51 கிலோ ஓம், கீழ் மின்தடை 10 கிலோ ஓம் என்று வைத்தால் பகுப்பு விகிதம் 61 ÷ 10, அதாவது 6.1. பேட்டரி 15 வோல்ட்டில் இருக்கும்போது ஏடிசிக்கு 2.46 வோல்ட் போகும், சரியாகப் பொருந்துகிறது. மீட்டரின் நிரல் போடும் கணக்கு இதுதான்:

பேட்டரி மின்னழுத்தம் = ஏடிசி எண் ÷ 1024 × 2.5 × 6.1

இந்த வரியில் 2.5 என்பதும் 6.1 என்பதும் நிரலின் நம்பிக்கை மட்டுமே. பலகையில் இருப்பது வேறு. அந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியே பிழை.

தங்கப் பட்டை மின்தடைகளைப் போட்டுப் பாருங்கள். மேல் மின்தடை 5 சதவீதம் கூடி 53.55 ஆகவும், கீழ் மின்தடை 5 சதவீதம் குறைந்து 9.5 ஆகவும் அமைந்துவிட்டால் உண்மை விகிதம் 6.64. பேட்டரியில் சரியாக 12 வோல்ட் இருக்க, மீட்டர் 11.03 என்று காட்டும். இரண்டும் எதிர்த் திசையில் விலகினால் அதே பேட்டரிக்கு 13.04 என்று காட்டும். ஒரு மீட்டர் பேட்டரி செத்துவிட்டது என்கிறது. இன்னொன்று சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது என்கிறது. இரண்டிலும் உள்ள பாகங்கள் யாவும் தம் வரம்புக்குள்தான் இருக்கின்றன.

மூன்றாம் படி: எந்தப் பாகம் எவ்வளவு இழுக்கிறது?

ஒரு பாகத்தின் மதிப்பை மட்டும் 1 சதவீதம் மாற்றி, மற்றவற்றைத் தொடாமல் வைத்து, விடை எத்தனை சதவீதம் மாறுகிறது என்று பார்ப்பதே உணர்திறன் கணக்கு. வகையீடு தெரிந்தவர்கள் அதை வைத்துச் செய்யலாம். தெரியாதவர்களுக்கு எக்செல் போதும். மேல் மின்தடையை 51.51 என்று மாற்றினால் விகிதம் 6.151 ஆகிறது, மாற்றம் 0.84 சதவீதம். கீழ் மின்தடைக்கும் அதே 0.84தான், திசை மட்டும் எதிர். ஒப்பு மின்னழுத்தத்தின் 1 சதவீதம் குறைப்பில்லாமல் முழு 1 சதவீதமாகவே விடைக்கு வந்து சேர்கிறது.

பகுப்புச் சுற்றில் உணர்திறன் ஒன்றைத் தாண்டாது என்பதால் அது சாதுவான சுற்று. எல்லாச் சுற்றுகளும் அப்படி இல்லை. இதே இன்வெர்ட்டரில் மின்னோட்டத்தை அளக்க, பேட்டரியின் நேர்முனைக் கம்பியில் ஷன்ட் (முழு மின்னோட்டத்தில் 75 மில்லிவோல்ட் தரும் மிகச் சிறிய தடை) ஒன்றைப் போட்டு, அதன் இரு முனைகளுக்கும் உள்ள வேறுபாட்டை ஆப் ஆம்ப் என்ற மின்னழுத்தப் பெருக்கிச் சில்லு ஒன்றும் நான்கு சமமான மின்தடைகளும் கொண்ட கழித்தல் சுற்றால் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கும் 1 சதவீத மின்தடைகளாக இருந்து, மோசமான திசைகளில் விலகினால், இரு முனைகளுக்கும் பொதுவாக இருக்கும் 12 வோல்ட்டில் 2 சதவீதம், அதாவது 0.24 வோல்ட், வெளியீட்டில் கசிந்து வரும். அளக்க வந்ததோ முழு மின்னோட்டத்திலும் 0.075 வோல்ட். பெரிய இரண்டு எண்களைக் கழித்துச் சிறிய எண்ணை எடுக்கும் எந்தச் சுற்றிலும் டாலரன்ஸ் பல மடங்காகப் பெருகும். அங்கே தனி மின்தடைகளை நம்பாமல், உள்ளேயே பொருத்தம் பார்த்துச் செய்த மின்னோட்ட அளவைச் சில்லு ஒன்றை வாங்குவதே என் பரிந்துரை.

நான்காம் படி: பட்டியல் போடுவது

பிழைக்கு மின்தடை மட்டுமே காரணம் என்று எண்ணிப் பட்டியலை இரண்டு வரியில் முடித்துவிடுவது புதியவர்கள் செய்யும் வழக்கமான தவறு. பாகங்களுக்குத் தயாரிப்பாளர் வெளியிடும் விவரத்தாள்களான தரவுத்தாள்களைத் திறந்து வைத்துக்கொண்டு, 12 வோல்ட்டில் ஒவ்வொன்றும் எத்தனை வோல்ட் பிழை தரும் என்று ஒரே அலகில் எழுதுங்கள். 1 சதவீத மெட்டல் ஃபிலிம் மின்தடைகளுடன் நம் பட்டியல் இப்படி வருகிறது.

மேல், கீழ் மின்தடைகள் ஒவ்வொன்றும் 0.10 வோல்ட். டிஎல்431இல் எழுத்து ஏதும் இல்லாத ரகம் 2 சதவீதம், ஏ ரகம் 1, பி ரகம் அரை சதவீதம்; ஏ ரகத்தை எடுத்தால் 0.12 வோல்ட். (ஒப்பு மின்னழுத்தத்தைத் தனியாகத் தராமல் யுஎஸ்பியின் 5 வோல்ட்டையே பயன்படுத்தினால் 5 சதவீதமும், சில்லுக்குள் இருக்கும் 1.1 வோல்ட்டைப் பயன்படுத்தினால், தரவுத்தாளின்படி அது 1.0 முதல் 1.2 வரை இருக்கலாம் என்பதால், ஏறத்தாழ 9 சதவீதமும் இந்த வரியில் வந்திருக்கும்.) ஏடிசியின் ஒரு படி பேட்டரிப் பக்கத்தில் 15 மில்லிவோல்ட்டுக்குச் சமம், இரண்டு படிகள் தவறலாம் என்று கொண்டால் 0.03 வோல்ட்.

அடுத்து வெப்பம். நம் மீட்டர் மாடிப்படிக்கு அடியில், இன்வெர்ட்டரின் மேலேயே ஒட்டிக்கொண்டு இருக்கும். சென்னையில் கத்திரி வெயில் நாளில் அந்தப் பெட்டிக்குள் 65 டிகிரி வரை போகும் என்று கொள்வோம். தரவுத்தாள் மதிப்புகள் 25 டிகிரிக்கானவை. வேறுபாடு 40 டிகிரி. மின்தடையின் வெப்பக் குணகம் டிகிரிக்கு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) என்றால் 40 டிகிரிக்கு 0.4 சதவீதம், உணர்திறனால் பெருக்கினால் ஒவ்வொன்றுக்கும் 0.04 வோல்ட். ஒப்பு மின்னழுத்தம் வெப்பத்தால் 10 மில்லிவோல்ட் நகரும் என்று வைத்தால் இன்னொரு 0.05 வோல்ட்.

கடைசி வரியைப் பலரும் மறப்பார்கள்: ஏடிசி முனையின் கசிவு மின்னோட்டம். அதற்குத் தரவுத்தாள் தரும் உச்ச வரம்பு 1 மைக்ரோ ஆம்பியர். அது 51, 10 கிலோ ஓம்களின் இணைத் தடையான 8.36 கிலோ ஓம் வழியே பாய்ந்தால் முனையில் 8.4 மில்லிவோல்ட், பேட்டரிக் கணக்கில் 0.05 வோல்ட். பேட்டரி வீணாகத் தீரக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் 510, 100 கிலோ ஓம் என்று பெரிதாக்கி வைக்கும் மாணவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்த ஒரு வரி மட்டுமே அரை வோல்ட் பிழையைத் தரக்கூடும்.

ஐந்தாம் படி: கூட்டுவது

கூட்டுவதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதல் வழி, எல்லாமே ஒரே நேரத்தில் மோசமான திசையில் விலகும் என்று கொண்டு நேராகக் கூட்டுவது. நம் பட்டியலுக்கு 0.53 வோல்ட் வருகிறது. எட்டுப் பிழைகளும் ஒரே பக்கம் சாய்வது அபூர்வம் என்றாலும், உயிருக்கோ தீ விபத்துக்கோ சம்பந்தப்பட்ட எல்லைகளுக்கு நான் இந்த எண்ணை மட்டுமே நம்புவேன்.

இரண்டாம் வழி, ஒவ்வொரு பிழையையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுப்பது. ஒன்று கூடும்போது இன்னொன்று குறையலாம் என்ற வாய்ப்பை இது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. நமக்கு 0.21 வோல்ட் வருகிறது. இலக்கு 0.1, ஆக, இந்த வடிவமைப்பு இரண்டு கணக்கிலும் தேறவில்லை.

வர்க்கமூலக் கணக்குக்குப் பின்னால் ஓர் எடுகோள் ஒளிந்திருக்கிறது. பிழைகள் ஒன்றையொன்று சாராதவை, அவற்றின் மதிப்புகள் நடுவில் குவிந்து ஓரங்களில் அருகி இருக்கும் என்பதே அது. கடைப் பாகங்கள் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. ஒருமுறை 5 சதவீத 10 கிலோ ஓம் மின்தடைகள் ஒரு பாக்கெட் வாங்கிவந்து, பிரிக்காத டேப்பிலிருந்து இருபதை வரிசையாக அளந்தேன். முதலாவது 9.86, அடுத்தது 9.84, பிறகு 9.87, 9.85. இருபதும் 9.82க்கும் 9.91க்கும் இடையில் நின்றன; ஒன்றுகூட 10ஐத் தொடவில்லை. ஒன்றுக்கொன்று ஒரு சதவீதம்கூட வேறுபடாத அந்த இருபதும் சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. ஒரே டேப்பிலிருந்து எடுத்த பாகங்களின் சராசரி, எழுதிய மதிப்பாக இருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை.

மூன்றாம் வழி மாண்டே கார்லோ முறை. எக்செலில் ஒரு நெடுவரிசையில் மேல் மின்தடையை 51 × (1 + 0.01 × (2 × ராண்ட் − 1)) என்று எழுதுங்கள், ராண்ட் என்பது 0க்கும் 1க்கும் இடையில் ஒரு தற்செயல் எண்ணைத் தரும் சார்பு. அடுத்த நெடுவரிசையில் கீழ் மின்தடை. அதற்கு அடுத்ததில் மீட்டர் காட்டும் மதிப்பு. 1000 வரிசைகளுக்கு இழுத்துவிட்டால் 1000 மீட்டர்களைச் செய்து பார்த்ததற்குச் சமம். சுற்றுகளைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் எல்டிஸ்பைஸ் மென்பொருளில் இதற்கென்றே எம்சி என்ற சார்பு இருக்கிறது. மதிப்பையும் டாலரன்ஸையும் கொடுத்தால் போதும்.

இதை இரண்டு மின்தடைகளுக்கு மட்டும் செய்து பாருங்கள். வர்க்கமூல முறை 0.14 வோல்ட் என்று சொல்லும். ஆனால் 1000 மீட்டர்களில் எண்பது, தொண்ணூறு மீட்டர்கள் அந்த எல்லையைத் தாண்டியிருக்கும். எழுதிய வரம்பு முழுவதிலும் மதிப்புகள் சமமாகப் பரவியிருந்து, பிழைக்கான காரணங்களும் இரண்டே என்றால், வர்க்கமூலம் தரும் எண்ணுக்குள் 91 சதவீதம்தான் அடங்கும். காரணங்கள் ஏழெட்டாக இருந்து, அவற்றில் ஒன்று மட்டும் மற்றவற்றை அமுக்கும் அளவுக்குப் பெரிதாக இல்லாமல் இருக்கும்போதுதான் அந்த முறைக்கு வலு கூடுகிறது.

ஆறாம் படி: எங்கே செலவழிப்பது?

இலக்கு எட்டவில்லை என்றதும் 0.1 சதவீத மின்தடைகளைத் தேடி அலைவது இயல்பு. அலைவதற்கு முன் பட்டியலில் மாற்றிப் பாருங்கள். இரண்டு மின்தடைகளையும் 0.1 சதவீதமாக்கினால் 0.21 என்பது 0.15 ஆகிறது. அதோடு டிஎல்431 பி ரகத்தையும் போட்டால் 0.11. பாகங்களின் விலை ஏறியும் இலக்கு இன்னும் வெளியேதான் நிற்கிறது; வெப்பமும் கசிவும் அப்படியே இருக்கின்றன.

கசிவுக்குத் தீர்வு இலவசம். மின்தடைகளை 5.1, 1 கிலோ ஓம் என்று பத்தில் ஒரு பங்காக்கினால் கசிவுப் பிழை 5 மில்லிவோல்ட்டாகச் சுருங்கும். அதற்கு ஈடாகப் பேட்டரியிலிருந்து எப்போதும் 2 மில்லி ஆம்பியர் போகும். ஒரு நாளைக்கு 0.05 ஆம்பியர் மணி. 150 ஆம்பியர் மணி டியூப்ளர் பேட்டரிக்கு அது பொருட்டே இல்லை. கடற்கரையோர வீடுகளில் உப்புக் காற்றும் ஈரமும் பலகையில் படிந்து உண்டாக்கும் கசிவையும் இந்தக் குறைந்த தடை தாங்கிக்கொள்ளும்.

மின்தடைகளின் தொடக்கப் பிழைக்கும் ஒப்பு மின்னழுத்தத்தின் தொடக்கப் பிழைக்கும் தீர்வு, அளந்து திருத்துவது. இவை எல்லாமே விடையை ஒரு மடங்கால் பெருக்கும் பிழைகள் என்பதால், தெரிந்த ஒரு மின்னழுத்தத்தைக் கொடுத்து, மீட்டர் காட்டுவதை அதனுடன் ஒப்பிட்டு, ஒரே ஒரு திருத்தப் பெருக்கியை நிரலில் சேர்த்தால் மூன்று பிழைகளும் ஒருசேரப் போய்விடும். மிஞ்சுவது வெப்பமும் ஏடிசியும் மட்டும்: வர்க்கமூலக் கணக்கில் 0.08 வோல்ட். 1 சதவீதத்துக்குப் பதில் 5 சதவீத மின்தடைகளை வைத்தே திருத்திவிடலாமே என்று தோன்றும். மலிவான கார்பன் ஃபிலிம் மின்தடைகளின் வெப்பக் குணகம் டிகிரிக்குப் பல நூறு பிபிஎம் என்பதால் அந்தச் சிக்கனம் மே மாதத்தில் தன்னைக் காட்டிக்கொள்ளும்.

திருத்தும்போது பட்டியலில் ஒரு புதிய வரி சேர்கிறது: திருத்தப் பயன்படும் மல்டிமீட்டரின் பிழை. 0.5 சதவீதமும் 2 எண்ணும் (கடைசி இலக்கத்தில் 2) என்று கையேட்டில் போட்ட மூன்றரை இலக்க மீட்டர், 20 வோல்ட் வீச்சில் 12 வோல்ட்டை 0.08 வோல்ட் வரை தவறாகக் காட்டலாம். அதைச் சேர்த்தால் மொத்தம் 0.11 ஆகி, இலக்கு மறுபடியும் கை நழுவுகிறது. நூறு மீட்டர்கள் செய்யும் சிறு தொழிலகம் என்றால், 0.1 சதவீதத்துக்கும் குறைவான பிழையுள்ள ஒரு நல்ல மீட்டரை மட்டும் வாங்கி, ஆண்டுக்கு ஒருமுறை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் அளவுத்திருத்தம் செய்துகொண்டால் போதும்; திருவான்மியூரில் மத்திய அரசின் மின்னணுச் சோதனை மையமே இருக்கிறது. அந்த மீட்டருடன் நம் பிழை 0.08க்கு வந்து, 0.1க்குள் நிற்கிறது.

ஏசியை 24 டிகிரியில் ஓடவிட்டுத் திருத்தினால், 65 டிகிரிக்குப் போகும் வழி முழுவதும் ஒரே பக்கப் பிழையாகச் சேரும். பெட்டி காணப்போகும் 20க்கும் 65க்கும் நடுவில், ஏறத்தாழ 42 டிகிரியில் திருத்தினால், நகரும் தூரம் இரு பக்கமும் பாதிப் பாதியாகிவிடும். ஏசியை நிறுத்திவிட்டு, பலகையைப் பெட்டிக்குள் மூடி, அரை மணி நேரம் சூடாகவிட்டுத் திருத்துவதே என் வழக்கம். உடன் வேலை செய்பவர்கள் திட்டுவார்கள்.

மின்தேக்கிகளைப் பற்றி ஒரு சொல். நம் மீட்டரில் அது இரைச்சலை வடிகட்ட மட்டுமே இருப்பதால் எது போட்டாலும் சரி. நேரத்தையோ அதிர்வெண்ணையோ தீர்மானிக்கும் இடத்தில் இருந்தால் கதை வேறு: எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகள் பொதுவாக ±20 சதவீதம், ஒய்5வி வகைச் செராமிக், வெப்ப வீச்சு முழுவதிலும் 82 சதவீதம் வரை குறையலாம், எக்ஸ்7ஆர் 15 சதவீதம், சி0ஜி வகை மட்டுமே டிகிரிக்கு 30 பிபிஎம்முக்குள் நிற்கும். 555 டைமரில் எலக்ட்ரோலிட்டிக்கைப் போட்டுவிட்டு மின்தடைக்கு 1 சதவீதம் தேடுவது வீண் வேலை.

ஏழாம் படி: செய்து பார்த்து ஒப்பிடுவது

குறைந்தது ஐந்து பலகைகளைச் செய்யுங்கள். முடிந்தால் பாகங்களை இரண்டு வெவ்வேறு கடைகளில் வாங்குங்கள். 12 வோல்ட்டில் திருத்திய பிறகு 11, 12.5, 14.4 வோல்ட் ஆகிய மூன்று புள்ளிகளில், அறை வெப்பத்தில் ஒருமுறையும் சூடான பெட்டிக்குள் ஒருமுறையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 11 வோல்ட்டில் ஒரு பக்கமும் 12.5, 14.4 வோல்ட்டில் எதிர்ப் பக்கமும் பிழை சாய்ந்து, 12 வோல்ட்டிலிருந்து விலக விலக வளர்ந்தால், அது ஏடிசி அல்லது தரைக்கம்பியிலிருந்து வரும் கூட்டல் பிழை. பெருக்கியால் அது தீராது, கழிக்க ஓர் எண்ணை நிரலில் தனியாகச் சேர்க்க வேண்டும். பிழை ஒரே சதவீதமாக இருந்தால் பெருக்கியைச் சரியாகப் போடவில்லை என்று பொருள். அறையில் சரியாகவும் சூட்டில் 0.2 வோல்ட்டுக்கு மேல் தள்ளியும் காட்டினால், அது நம் வெப்பக் கணக்கின் நேர்க்கூட்டலான 0.13ஐயே மீறுகிறது, பாக்கெட்டில் மெட்டல் ஃபிலிம் என்று எழுதியிருந்த மின்தடையைக் கழற்றி, மல்டிமீட்டரில் மாட்டி, ஹேர் டிரையரால் சூடாக்கிப் பாருங்கள். 40 டிகிரி ஏற்றத்துக்கு 1 கிலோ ஓம் மின்தடை 4 ஓமுக்கு மேல் நகர்ந்தால், கடைக்காரர் கொடுத்தது நீங்கள் கேட்ட ரகம் இல்லை.